கூரைக் கம்பி

கம்பி மறுபடியும் கைய விட்டுத் துள்ளி எங்கேயோ போயிருச்சு. செல்வின் குனிஞ்சு தேடல. குனிஞ்சா தலை கிர்ருங்கும், கிர்ருன்ன உடனே மனசு ‘இந்தா வந்துட்டு, ரெண்டாவது வாதம் வந்துட்டு’ன்னு ஓட ஆரம்பிச்சிரும், பெறவு அதப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வைக்கதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். கெடக்கட்டும். எஸ்தர் சாயங்காலம் பெருக்கும்போது கெடைக்கும், இல்லன்னா அவ உள்ளங்கால்ல கெடைக்கும், எப்படியும் கெடைக்கும். டப்பாவுல இருந்து இன்னொரு துண்டு எடுத்தாரு. எடுத்தாருன்னா, இடக்கை எடுத்து வலக்கைக்குக் குடுத்துச்சு. இப்பல்லாம் இடக்கைதான் எடுபிடி. வலக்கை முதலாளி மாதிரி மடியில உக்காந்திருக்கும், கொண்டாந்து குடுத்தா வாங்கிக்கிடும், வாங்கின பெறகு என்ன செய்யும்னுதான் யாருக்கும் தெரியாது. மத்தியானச் சோறு வயித்துல கனத்துச்சு. தெருவுல ஒரு சத்தம் இல்ல, தூத்துக்குடி மொத்தமும் சனிக்கிழமைன்னு கண்ண மூடிக் கெடக்கு. பொண்டாட்டி எஸ்தர் வேதக்கோயில்ல பெண்கள் சங்கக் கூட்டம்னு போயிட்டா, போகும்போது மூணு தடவ திரும்பி வந்து போன் கையெட்டுற தூரத்துல இருக்கான்னு பாத்துட்டுத்தான் போனா. போன் இருக்கு. பசை டப்பா பக்கத்துல மல்லாந்து கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள அது அடிக்கும், அடிச்சா மகாராஜன்தான், கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். திங்கக்கிழமை வேலைக்கு வாரியளா, இல்ல மதுரைக்காரனப் போட்டுக்கிடட்டுமா. அந்தக் கேள்விக்குப் பதில் செல்வின் கிட்ட இல்ல. அது இந்தக் கம்பி கிட்டத்தான் இருக்கு. கம்பி வளைஞ்சா திங்கக்கிழமை. வளையலன்னா மதுரைக்காரன். அவரே காலையில பல்லு வெளக்கும்போது போட்டுக்கிட்ட கணக்கு, இந்தக் கணக்கு எஸ்தருக்குத் தெரியாது, மகாராஜனுக்கும் தெரியாது, கம்பிக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ, அதான் ஓடுது.

மகாராஜன் கெட்டவன் இல்ல. வயசுல சின்னவன், பல் செட்டு கட்டுற லேப்புக்கு மொதலாளி, இத்தன மாசமும் மேசையக் காலியாவே போட்டு வச்சிருக்கான். ஆனா ஊருக்குள்ள பல்லு விழுறது நிக்கவா செய்யும். டாக்டருங்க அச்செடுத்து அனுப்பிக்கிட்டே இருக்காங்க, அச்சுல பிளாஸ்டர் ஊத்தி, மெழுகு வச்சு, பல்லு அடுக்கி, கடைசியில பக்கத்துப் பல்லக் கவ்விப் பிடிக்க ஒரு கொக்கி வளைக்கணும். அந்தக் கொக்கிதான் செல்வினோட வேல. மெல்லிசு எஃகுக் கம்பி, குறடுல பிடிச்சு, மணிக்கட்ட ஒரு திருப்பு, இன்னொரு திருப்பு, முடிஞ்சுது. ஒரு மயிரிழை தப்புனா டாக்டர் கண்டுபிடிக்க மாட்டாரு, நோயாளி கண்ணாடியில பாத்தாலும் தெரியாது, ஆனா நாக்கு விடாது. நாக்கு மாதிரி ஒரு இன்ஸ்பெக்டர் எந்த ஆபீஸ்லயும் கெடையாது, ராத்திரி பகலா அந்த ஒரு எடத்தத் தடவிக்கிட்டே கெடக்கும். இப்பம் செல்வின் கையில இருக்கதும் அதே கம்பிதான், அதே குறடுதான், ஆனா போகப்போறது வாய்க்குள்ள இல்ல, ஒரு ஆம்புலன்ஸ் கூரைக்குள்ள. மேசை மேல அந்த வண்டி நிக்கு, நெசத்துல இருபத்துநாலுல ஒரு பங்கு, ஒரு சாண் நீளம். கூரையக் கழட்டி மல்லாத்திப் பக்கத்துல வச்சிருக்கு, சோறு போடாத தட்டு மாதிரி. அந்தத் தட்டுக்குள்ள நெடுக ஒரு கம்பி ஓடணும், ரெண்டு கோடியும் மடங்கிக் கூரையில போய் ஒட்டணும். அம்புட்டுத்தான். ரெண்டு கோடி, கோடிக்கு ரெண்டு வளைவு. நல்லா இருந்த காலத்துல டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பாரு, டீயையும் குடிச்சிருப்பாரு.

டிவிக்கு மேல உள்ள பலகையில அவரு கட்டுன மத்த வண்டியெல்லாம் வரிசையா நிக்கு, எல்லாம் தீயணைப்பு வண்டி. தண்ணி வண்டி, ஹார்பர்ல உள்ள நுரை வண்டி, ஏணி வண்டி, பழைய மணி அடிக்கிற வண்டி ஒண்ணு. எல்லாம் லேப்புல மீந்த சாமான்ல செஞ்சது. பல் ஈறுக்கு ஊத்துற அக்ரிலிக்லதான் உடம்பு, அதனால செல்வின் கட்டுற எந்தத் தீயணைப்பு வண்டியும் முதல்ல ஈறு நெறத்துலதான் பொறக்கும், பெயின்ட் அடிக்கிற வரைக்கும் பல்லு இல்லாத வாய் மாதிரி மேசையில உக்காந்திருக்கும். கண்ணாடிக்கு எக்ஸ்ரே பிலிமைக் கழுவி வெட்டி ஒட்டுவாரு. ஏன் இந்த வண்டிங்கன்னு கேட்டா அவருக்கும் சரியாச் சொல்லத் தெரியாது. எவனும் எவனுக்கும் வழி விடாத ஊருல வழி கெடைக்கிற வண்டி அது ஒண்ணுதான், அது காரணமா இருக்கலாம். வருசா வருசம் ஆயுத பூஜை அன்னைக்கு எஸ்தரோட தையல் டேப்ப எடுத்துக்கிட்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருவாரு. அன்னைக்குத்தான் வண்டியெல்லாம் கழுவி, வாழக்கன்னு கட்டி, பொட்டு வச்சு, யாரு வேணாலும் தொட்டுப் பாக்குற மாதிரி வெளிய நிக்கும். மத்த நாள்ல டேப்போட கிட்டப் போனா வெரட்டிருவாங்க. பூஜை அன்னைக்கு வெரட்டினா பாவம்னு விட்டுருவாங்க, கையில பொரிகடலையும் குடுப்பாங்க. ‘கோயில் பிள்ளை, இதத் திங்கலாமா’ன்னு ஒரு வண்டி டிரைவர் கிண்டல் பண்ணுவாரு, ‘டேப்புக்குக் குடுங்க, அது இந்துதான்’னு இவரு சொல்லுவாரு. அப்படி அளந்து கட்டுன தண்ணி வண்டியப் படம் எடுத்து மாடல் வண்டி கட்டுறவங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டப்பம், கோயம்புத்தூர்க்காரரு ஒருத்தரு, வெளிநாட்டுல இருந்து பெட்டி பெட்டியா வரவழைச்சு ஒட்டுறவரு, உங்க வண்டி பின்னால தாழ்ந்து நிக்குதே சார், ஸ்பிரிங் அளவு தப்போன்னு கேட்டிருந்தாரு. தப்பு இல்ல சார், டேங்குல தண்ணி ரொம்பி இருக்குன்னு செல்வின் பதில் போட்டாரு. தீயணைப்பு வண்டி என்னைக்குமே தண்ணியோடதான நிக்கும். நாலு பேரு சிரிக்கிற மூஞ்சி போட்டாங்க. அவரு வெளையாட்டுக்குச் சொல்லல.

இந்த ஆம்புலன்ஸ்லதான் தப்பு. தப்புன்னு அவருக்குத் தெரிஞ்ச விதம்தான் யாருக்கும் வாய்க்கக் கூடாத விதம். வண்டியப் போன வருசமே கட்டி முடிச்சாச்சு. கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிக்கிற சாக்குல நின்னு, பின்கதவு தெறந்திருக்கும்போது எட்டி எட்டிப் பாத்து, உள்ள ஸ்ட்ரெச்சர் வச்சு, ஆக்சிஜன் சிலிண்டர் வச்சு, மருந்துப் பெட்டிக்குக் கதவுகூட வச்சுக் கட்டுனது. மூணு மாசத்துக்கு முந்தி ஒரு செவ்வாக்கிழமை காலையில இட்லிய வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில நின்னுருச்சு. கையப் போன்னு சொல்லுதாரு, கை போகல. எஸ்தர் என்னமோ கேக்கா, பதில் சொல்லுதாரு, வாயில இருந்து வாரது அவரு சொன்னது இல்ல. பெறவு நடந்தது துண்டு துண்டாத்தான் இருக்கு. மாடிப்படி, பக்கத்து வீட்டுக்காரன் பனியன், வானம், ஒரு காக்கா, ஒரு குலுக்கல், கதவு சாத்துற சத்தம். கண்ணத் தெறந்தா வண்டிக்குள்ள மல்லாக்கக் கெடக்காரு. அப்பம் மனுசனுக்கு என்ன தோணணும்? பொண்டாட்டி தோணணும், ஆண்டவர் தோணணும், வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னாவது தோணணும். செல்வினுக்குத் தோணுனது என்னன்னா, தலமாடு டிரைவர் பக்கம் இருக்கு. அவரு கட்டுன வண்டியில தலமாட்டக் கதவுப் பக்கம் வச்சிருந்தாரு. அடப்பாவி, திருப்பி வச்சுட்டோமே. சிலிண்டரும் அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். அதெல்லாம் கூடப் பரவாயில்ல. நேர் மேல, கூரையில, நெடுக ஒரு கம்பி. வெளிய நின்னு எட்டிப் பாக்குறவனுக்குக் கூரை எங்க தெரியும்? அந்தக் கம்பியப் பாக்கணும்னா மல்லாக்கக் கெடக்கணும், மல்லாக்கக் கெடக்கணும்னா இந்த மாதிரி வந்து படுக்கணும். வண்டியில இருந்த பிள்ளை, நீல உடுப்பு, நெஞ்சுல இசக்கியம்மாள்னு பேரு, அந்தக் கம்பிய ஒரு கையால பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, வண்டி பள்ளத்துல விழும்போதெல்லாம் ஊஞ்சல் மாதிரி ஆடி, இன்னொரு கையால அவரு வெரல்ல ஒரு கிளிப்ப மாட்டுனா. எப்படி அந்தப் பிள்ளை விழாம நிக்குன்னு அவருக்கு ஒரே ஆச்சரியம். கம்பி கோடியில ஒரு மடிப்பு, பெறவு இன்னொரு மடிப்பு, பெறவு ஸ்க்ரூ. நல்ல வேல. அதச் சொல்லணும்னு இருந்துச்சு. வாய் வரல. இடக்கையத் தூக்கி மேல காட்டுனாரு.

அங்கதான் வெனை. கால்மாட்டுல உக்காந்திருந்த எஸ்தர், புருசன் கையத் தூக்கி வானத்தக் காட்டுதாருன்னு எடுத்துக்கிட்டா. கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம் இருந்துச்சாம். இருந்திருக்கும், நல்ல மடிப்பப் பாத்தா அவரு கண்ணுல வெளிச்சம் வரத்தான் செய்யும். அவ ஓன்னு அழுது, ஆண்டவரே கூட்டிட்டுப் போயிராதேயும்னு வண்டி குலுங்கக் குலுங்க ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டா. இசக்கியம்மாள் அந்தக் கையப் பிடிச்சுக் கீழ எறக்கி, ஐயா, ஆடாதிய, என் கைய அமுக்குங்க பாப்போம்னுச்சு. அமுக்குனாரு. வலக்கையத் தொட்டு இந்தக் கையின்னுச்சு. அது அமுக்கல. அவரு பொழச்சு வந்த பெறகு எஸ்தர் சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னா, என் வீட்டுக்காரரு பரலோகத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்தாருன்னு. பாஸ்டர் அத வச்சே அன்னைக்குப் பிரசங்கத்த முடிச்சாரு. அதுக்குப் பெறகு கோயில்ல வயசாளிங்க வந்து அவரு பக்கத்துல உக்காந்து, எப்படி இருந்துச்சுன்னு காதுல கேக்காங்க. செல்வின் என்னத்தச் சொல்ல. நல்லா ஃபிட்டிங் பண்ணியிருந்தாங்கன்னா சொல்ல முடியும்? சும்மா சிரிப்பாரு. வாய் ஒரு பக்கம் கோணி அந்தச் சிரிப்பு வரும்போது அதுவே ஒரு மாதிரி பரலோகச் சிரிப்பு போல இருக்கும் போல, அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிருவாங்க.

குறட வலக்கையில வச்சு, வெரல ஒவ்வொண்ணா இடக்கையால மடக்கி வைக்காரு. ம். இப்பம் திருப்பு. மணிக்கட்டு திரும்பணும். திரும்புன்னு சொல்லுதாரு, தோள் திரும்புது. தோளக் கேட்டது யாரு? நீ இருடா. மணிக்கட்டு. முழங்கை எந்திரிக்கு, குறடு சாயுது, கம்பி வழுக்கிக் கோணலா ஒரு வளைவு, நாய் வால் மாதிரி. அதத் தூக்கிப் போட்டாரு. இன்னொண்ணு. இதுவும் வால். கை பிடிக்கத்தான் செய்யுது, பிடியில கொறயே இல்ல, பிசியோதெரபி பண்ண வார தம்பியே சொல்லிட்டான், பிடி வந்துட்டு சார், விடுறதுதான் வரலன்னு. ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னா அமுக்கும், விடுன்னா விடாது, பந்து உள்ள கெடந்து நசுங்கும், மூளை விடச் சொல்லி அனுப்புற தந்தி வழியில எங்கேயோ தூங்குது. ஒருநாள் எஸ்தர் முந்தானையப் பிடிச்சது விடவே இல்ல, அவ அடுப்புல பாலை வச்சுட்டு வந்தவ, பால் பொங்குது, இவரு விட மாட்டேங்காரு, இந்த வயசுல இது என்ன வெளையாட்டுன்னு அவ வெக்கப்பட்டதும், பெறவு வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டப்பம் அழுததும். அழாதட்டின்னு சொல்ல வந்தாரு. அப்பம் ‘ழ’ வராது. இப்பம் வரும், கொஞ்சம் லேட்டா வரும். வாய்க்கு வந்ததே, காலுக்கு வந்ததே, கைக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்கு? அந்தக் கம்பியோட தலமாட்டுக் கோடி எப்படி இருந்துச்சு? கால்மாட்டுக் கோடி கண்ணுலயே நிக்கு. தலமாட்டுப் பக்கம் கழுத்தத் திருப்ப முடியல. ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், வண்டி செஞ்சவன் என்ன கிறுக்கனா. ஆனா ஒருவேள அந்தக் கோடியில மடிப்பு இல்லாம நேராப் போய்ச் செவுத்துல ஏறியிருந்தா? போய்ப் பாக்கலாம். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேட்டா ஏறிப் பாருங்க அண்ணாச்சின்னு சொல்லத்தான் செய்வாங்க. ஏறணுமே. அதுக்குள்ள ஏறிப் படுத்து மேல பாக்கணுமே. வேண்டாம். ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

சைரன். முதல்ல எங்கேயோ, நாய் ஊளையிடுற மாதிரி, பெறவு அதுதான்னு தெரிஞ்சுது. தீயணைப்பு வண்டி இல்ல, அது வேற கொரல், இது ஆம்புலன்ஸ். செல்வினோட கை அப்படியே நின்னுச்சு, மூச்சும் நின்னுச்சு. இங்க இல்ல, நமக்கு இல்ல. கால் இருக்கா? இருக்கு, கட்டவெரல ஆட்டிப் பாத்தாரு. வாய்? எஸ்தர்னு சத்தமா ஒரு தடவ சொல்லிப் பாத்தாரு, நல்லாத்தான் வந்துச்சு. இடது கண், வலது கண். சுவத்துல காலண்டர் ரெண்டாத் தெரியுதா? ஒண்ணாத்தான் தெரியுது. அது பெரிய ரோட்டுல கிட்ட வருது. இப்பம் எவனோ ஒருத்தன் உள்ள கெடந்து அந்தக் கம்பியப் பாத்துக்கிட்டு இருப்பான், அவனுக்கு அது கம்பின்னு தெரியுமோ என்னமோ, கண்ணு அங்கதான் நிக்கும், வேற எங்க நிக்கும்? யாராவது ஒரு பிள்ளை அதப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்கும். வழி விடுங்கடேன்னு செல்வின் வாய்க்குள்ள சொன்னாரு. முக்குல பஸ்காரன் எப்பவும் குறுக்க நிப்பாட்டுவான். சைரன் ஒரு எடத்துல நின்னு கத்துச்சு. விடு. விடுல. ஒதுங்குல மூதி. பெறவு அது நகர்ந்துச்சு, திரும்புனதும் சத்தம் மெலிஞ்சு, ஹார்பர் பக்கம் காத்துல கரைஞ்சு போச்சு. விட்டுட்டான். பஸ்காரனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். செல்வினுக்கு வேர்த்திருந்துச்சு. பயம் போகும்போது ஒரு மாதிரி பசி மாதிரி எடுக்கும், அது எடுத்துச்சு. போன் அடிக்கல. இன்னும் அடிக்கல.

மேசையப் பாத்தா வலக்கை பயத்துல கம்பியப் பொத்திப் பிடிச்சிருக்கு. குறடு எப்ப விழுந்துச்சோ தெரியல, மேசையில கெடக்கு. பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல கம்பி ஆணி அடிச்ச மாதிரி நிக்கு. விடு. விடாது. சரி, நீ விடாத. இடக்கையால இழுத்துப் பாத்தாரு, வெரல் வழுக்குச்சு. அப்பம்தான் இடக்கை குறட எடுத்துச்சு. வேல பாக்க இல்ல, கம்பிய உருவுறதுக்கு. குறடால கம்பியக் கவ்வி ஒரு இழுப்பு. வரல. அசைச்சு இழுக்கலாம்னு மேல ஒரு நெம்பு நெம்புனாரு. கம்பி வளைஞ்சுது. செல்வின் அப்படியே நிப்பாட்டிட்டாரு. வளைஞ்சிருக்கு. வால் இல்ல. வழுக்கல் இல்ல. கணுவுல வெட்டுன மாதிரி ஒரு மடிப்பு, அவரு மடிப்பு, லேப்புல உள்ள எல்லாரும் பாத்தவுடனே இது செல்வின் அண்ணாச்சிதுன்னு சொல்லுற மடிப்பு. ஆனா அது பொறந்திருக்கது இடக்கையில. அவரு இடக்கைய ஏதோ வேற ஆள் வீட்டுக்குள்ள வந்து நிக்க மாதிரிப் பாத்தாரு.

இந்தக் கைக்கு என்ன மரியாத குடுத்திருக்கோம் இத்தன காலமும்? ஒண்ணும் கெடையாது. கழுவுற கை. அதால காசு குடுத்தா கடைக்காரன் மொறைப்பான், அதால தாம்பூலம் வாங்குனா சம்பந்தி வீட்டுல பேச்சாயிரும். ஒரு தடவ அவசரத்துல டாக்டர்ட்ட பல் செட்ட இடக்கையால நீட்டிட்டாரு, படிச்ச மனுசன், லண்டன் வரைக்கும் போயிட்டு வந்தவரு, அவருக்கே மொகம் சுருங்கிருச்சு. இப்பம் மூணு மாசமாச் சோறு எஸ்தர் ஊட்டாத நேரம் கரண்டியோட இந்தக் கைதான். திருவிருந்துல அப்பத்த வாங்க இந்தக் கைய நீட்டுனப்பம் பாஸ்டர் ஒரு நிமிசம் யோசிச்சாரு, பெறவு வச்சாரு. ஆண்டவருக்கு ஆட்சேபண இருந்த மாதிரித் தெரியல. ஆனா பல்லு? நாளைக்கு ஒரு ரிட்டயர்டு தாசில்தாருக்குக் கொக்கி வளைக்கணும்னு வச்சுக்கிடுவோம். வெத்தல போடுற வாயி, ஊரையே அதட்டுன வாயி, அதுக்குள்ள நொட்டாங்கை வளைச்ச கம்பி போய் உக்காருமா? உக்காரும். யாரு சொல்லப்போறா? கம்பி சொல்லாது. நாக்கு கண்டுபிடிக்குமா? நாக்குக்கு மடிப்பு தெரியும், கூர்மை தெரியும், எந்தக் கையின்னு தெரியாது. நாக்கு அந்த வகையில நல்ல அதிகாரி, வேலையத்தான் பாக்கும், ஆளப் பாக்காது. செல்வினுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கும்போதே பயமும் வந்துச்சு. ஒண்ணு தற்செயலா வரும். கழுதகூட ஒரு தடவ நேரா நடக்கும். ரெண்டாவது வளைவுதான் வளைவு.

ரெண்டாவது வளைவுக்குக் கம்பிய ஒரு நூல் தள்ளிப் பிடிக்கணும். வலக்கையப் பிரிச்சு, தள்ளி வச்சு, மறுபடியும் மூடுனாரு. பிடின்னு சொல்லவே வேண்டாம், அது பிடிச்சிருச்சு. இத்தன நாள் அந்தக் கையத் திருப்பு திருப்புன்னு அடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு, பிடின்னு மட்டும் சொல்லியிருந்தா அது சந்தோசமாப் பிடிச்சிருக்கும் போல. லேப்புல மேசை ஓரத்துல ஒரு இரும்பு வைஸ் இருக்கும், சாமானக் குடுத்துத் திருகிட்டா பூகம்பம் வந்தாலும் விடாது. இப்பம் தோள்லயே ஒண்ணு தொங்குது. சரி. இடக்கை குறடோட வந்துச்சு. வந்தா, கம்பியக் காணோம். இருட்டா இருக்கு. கண்ணு போச்சான்னு மனசு ஒரு குதி குதிச்சுது, பெறவு பாத்தா கண்ணு இல்ல, அவரு கையோட நெழலு. வலக்கையால வேல பாக்குறவன் உக்காருற மாதிரி உக்காந்திருக்காரு, சன்னல் இடப்பக்கம், இடக்கை குறுக்க வந்து வெளிச்சத்த மறைக்கு. முப்பது வருசத்துல ஒரு நாளும் இந்த நெழல் அவருக்கு வந்ததில்ல. மேசையச் சுத்தி நடந்தாரு, சுவத்தப் பிடிச்சு, நாற்காலிய ஒரு காலால தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், எதிர்ப் பக்கம் உக்காந்தாரு. இப்பம் சன்னல் வலப்பக்கம். வெயிலு நேரா வந்து கம்பி மேல உக்காந்துச்சு. நெழல் மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு, அங்க யாருக்கு வேணும். குறடு கவ்வுச்சு. மெதுவா. வலக்கைக்குச் சொல்லிக் குடுத்ததயெல்லாம் இதுக்குச் சொல்ல வேண்டாமா? வேண்டாம் போல. இத்தன வருசமும் கம்பியோட வாலைப் பிடிச்சுக்கிட்டு, எடுபிடியா நின்னுக்கிட்டு, பக்கத்துல இருந்தே எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கு கள்ளக் கை. ஒரு திருப்பு. மடிஞ்சுது. கொஞ்சம் கூடிப்போச்சு. திரும்ப ஒரு நூல் நேராக்கி, மறுபடியும். ம். கால்மாட்டுக் கோடி முடிஞ்சுது.

தலமாட்டுக் கோடிக்கு ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு தடவ குறடு நழுவி நகக்கண்ணுல குத்துச்சு, ரெண்டு தடவ கை சோர்ந்து வச்சிட்டாரு. இடக்கைக்கு இம்புட்டு வேல பழக்கமில்ல, முழங்கை வரைக்கும் கடுக்குது. நல்ல கடுப்பு. செத்துப்போன மாதிரி மரத்துக் கெடக்கிற கையவிட இது எம்புட்டோ தேவல. நடுவுல ஒரு தடவ, இதெல்லாம் சரி, லேப்புல ஒரு நாளைக்குப் பன்னெண்டு கொக்கி கேப்பானே, நீ மத்தியானம் முழுக்க ஒரு கம்பியோட கெடக்கியேன்னு உள்ள ஒருத்தன் கேட்டான். அவன் எப்பவும் கேக்குறவன்தான். பதில் சொல்லாம விட்டா அவனே அலுத்துப்போயிருவான். மடிஞ்சுது. பசைய ஒரு குச்சியால தொட்டு, நாலு பொட்டு வச்சு, கம்பிய இடுக்கியால எடுத்துக் கூரைக்குள்ள எறக்குனாரு. ஒரு கோடி உக்காந்துச்சு. மத்தக் கோடி ஒரு நூல் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. செல்வின் மூச்சடக்கி, ஆள்காட்டி வெரல் நகத்தால மெல்ல ஒரு அமுக்கு அமுக்குனாரு. உக்காந்துருச்சு. அப்படியே கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சிருந்தாரு, பசை காயட்டும்னு. நேரா இருக்கா? நேராத்தான் இருக்கு. கடைசியில லேசா ஒரு எறக்கம் தெரியுது. தெரியட்டும். எத்தன பேரு தொங்கின கம்பி, கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும்.

அப்பம் போன் அடிச்சுது. வெரல எடுக்க முடியல, பசை காயல. வலக்கை சும்மாத்தான் இருக்கு, ஆனா அதுக்குப் போன் குடுத்தா பெறவு ராத்திரி வரைக்கும் விடாது. அடிக்கட்டும்னு விட்டாரு. நின்னு மறுபடியும் அடிச்சப்பம், மூக்கால தட்டி ஸ்பீக்கர்ல போட்டாரு. மகாராஜன் சாப்பிட்டாச்சா, மாத்திர போட்டாச்சா, மதினி எங்கன்னு எல்லாத்தையும் கேட்டான், கேக்க வந்ததத் தவிர. பின்னால லேப்பு மோட்டார் சத்தம் கேட்டுச்சு. கடைசியில தொண்டையச் செருமுனான்.

“தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. மதுரைக்காரன் ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். நீங்க எப்படின்னு சொல்லிட்டா...”

“திங்கக்கிழமை வாரேன்.”

மோட்டார் சத்தம் நின்னுச்சு. யாரையோ நிப்பாட்டச் சொல்லியிருப்பான்.

“கை வந்துட்டா?”

“வலக்கை பிடிக்கும். வளைக்கிறது இடக்கை.”

“இடக்கையா?” மகாராஜன் கொரலத் தாழ்த்துனான். “கொக்கி வளையுதா அண்ணாச்சி? எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க.”

“மெதுவா வளையுது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோதான் தருவேன். ஆனா தாரது கொக்கியா இருக்கும், நாய் வாலா இருக்காது. அம்புட்டும் வேகமா வேணும்னா நீ மதுரைக்காரனையும் போடு, அவன் அள்ளிப் போடட்டும், எனக்கு வருத்தமில்ல. கஷ்டமான வாயெல்லாம் எனக்கு வச்சிரு.”

அவன் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. கஷ்டமான வாயின்னா நம்ம ஊருல பாதி அதுதான அண்ணாச்சின்னான். பெறவு, வேற என்ன வேணும், ஆட்டோ அனுப்பவான்னு கேட்டான்.

“ஆட்டோ வேண்டாம். என் மேசையத் திருப்பிப் போடணும்.”

“மேசையையா? எங்க அப்பா காலத்துல இருந்து அங்கனயே கெடக்கு அது.”

“ஆமா. சன்னல் எனக்கு வலப்பக்கம் வரணும். இல்லன்னா என் கையே எனக்கு மறைக்கும்.”

மகாராஜன் போனக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு, கட் பண்ணல. பொன்ராசு, மேசைய அந்தப் பக்கம் பிடின்னு லேப்பு ஆளப் பாத்துக் கத்துனான். யாரோ எதுக்குன்னு கேட்டாங்க. யாரோ இதுக்கு அடியில ஒரு மூட்ட பிளாஸ்டர் தூசி கெடக்குன்னு மூக்கச் சிந்துனாங்க. பெறவு கெறக்குன்னு ஒரு இழுப்பு, நின்னு, இன்னொரு இழுப்பு. பழைய மேசை, கனம், நாலு கால்லயும் மொசைக் தரையப் பிறாண்டிக்கிட்டே நகருது. செல்வின் கூரை மேல வெரல வச்சபடி, போன் பக்கம் தலையச் சாச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

“இன்னும் கொஞ்சம்”னு போனப் பாத்துச் சொன்னாரு.